பெரிய கல்லு எங்க கைக்கு வந்த கதை



மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்கன்னு நம்ம கணக்காளர் கேட்டப்ப, "நான் பத்தாவதோட நின்னவ, எனக்கு என்ன எழுதத் தெரியும்?"னு சொன்னேன். "உங்க கேன்டீன் தோசைக்கல்லைப் பத்தி எழுதுங்க. அதுக்கே ஒரு வரலாறு இருக்கே"ன்னு அவங்க சிரிச்சாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தேன். அது உண்மைதான். அந்தக் கல்லு எங்க குழுவை ஒரு தடவை உடைக்கப் பார்த்தது. பிறகு அதே கல்லுதான் எங்களைச் சேர்த்தும் வச்சது. அதனால அதையே எழுதுகிறேன்.

பேரு கல்லு, பொருள் இரும்பு

அம்மிக்கல், ஆட்டுக்கல், கல்சட்டி எல்லாம் கல்லால் ஆனவை. தோசைக்கல் இரும்பு. ஆனாலும் அதை நாம் கல்லுன்னுதான் சொல்கிறோம். நம் மண்ணில் இரும்பின் பழக்கம் நேற்று வந்ததில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பு 5,300 ஆண்டுகள் பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்ததை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள்.

சூடான சட்டியில் மாவை ஊற்றிச் சுட்டு விற்பதும் பழைய தொழில்தான். பெரும்பாணாற்றுப்படை என்கிற சங்க நூல் காஞ்சிபுரத்தை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றியது. அதில் கருப்பு நிறச் சட்டியில் அப்பம் சுடுகிறவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குக் கூவியர் என்று பெயர். நம் திருவள்ளூர்ப் பக்கமும் அந்தத் தொண்டை மண்டலத்தில் சேர்ந்ததுதான். இதை எங்க ஊர்ப் பள்ளித் தமிழ் டீச்சர் சொன்னபோது எனக்கு ஒரு சந்தோஷம். சட்டி கருப்பாக இருந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அப்பவே அதை நல்லா பழக்கி வச்சிருக்காங்கன்னு நினைத்துக்கொண்டேன்.

ஓட்டல் வந்தது, கல்லு பெருசாச்சு

வீட்டுக் கல்லு எப்பவும் நம்ம கையில்தான் இருந்தது. வாசல் திண்ணையில் அடுப்பு மூட்டி இட்லி, தோசை, ஆப்பம் விற்ற ஆயாக்கள் எந்த ஊரில் இல்லை? என் சின்ன வயசில் எங்க தெருவிலும் ஒரு ஆயா இருந்தாங்க. ஒரு சாண் கல்லு, ஒரு விறகடுப்பு. அந்த வருமானத்தில் மூணு பிள்ளைகளைக் கரை சேர்த்தாங்க.

பட்டணத்தில் ஓட்டல்கள் வளர்ந்த காலத்தில் கல்லும் வளர்ந்தது. உடுப்பிப் பக்கத்திலிருந்து சென்னைக்கு வந்த கே. கிருஷ்ண ராவ் 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கினார். 1981-ல் கே.கே. நகரில் சரவண பவன் வந்தது. ஒரே நேரத்தில் எட்டு தோசை, பத்து தோசை சுடுகிற அளவுக்குக் கல்லு அகலமானது. விறகு போய் கேஸ் வந்தது. ஆட்டுக்கல் போய், கோயம்புத்தூர்க் கிரைண்டர் வந்தது.

கல்லு பெருசானதும் அதன் முன்னால் நிற்கிற ஆளும் மாறிப்போனார். சின்னக் கல்லுக்கு ஆயா, பெரிய கல்லுக்கு "மாஸ்டர்". நான் பார்த்த ஓட்டல்களில் மாஸ்டர் என்றால் அது ஆண்தான். பெண்களுக்குப் பின்கட்டில் வேலை இருந்தது. வெங்காயம் உரிக்க, மாவு ஆட்ட, பாத்திரம் தேய்க்க.

எங்க பக்கத்து ஊர்ப் பெரியவர் ஒருவர் முப்பது வருஷத்துக்கு மேல் சென்னை ஓட்டல்களில் தோசை மாஸ்டராக இருந்தவர். கும்மிடிப்பூண்டியில் முதல் ரயிலைப் பிடித்துப் போவார். பதினாலு வயசில் கிளீனராகச் சேர்ந்தாராம். முதலில் கல்லைச் சுரண்டி, துடைத்து, எண்ணெய் தடவக் கற்றுக்கொண்டார். பிறகு மாஸ்டர் சாப்பிடப் போகிற நேரத்தில் இரண்டு தோசை ஊற்றிப் பார்த்தார். சில வருஷத்தில் அவரே மாஸ்டர். "கல்லைத் தேய்க்கத் தெரியாதவனுக்குத் தோசை ஊத்த வராதும்மா" என்பார்.

நான் கேட்டேன், "ஏன் தாத்தா, அங்க தேய்ச்ச பொம்பளைங்க யாராவது மாஸ்டர் ஆனாங்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "இல்லம்மா" என்றார். பையன் தேய்த்தால் அது முதல் படி. பொம்பளை தேய்த்தால் அதுவே கடைசிப் படி. அந்தக் காலம் அப்படி.

குழு வந்தது

இதை மாற்றியது ஒரு நாளில் நடந்ததில்லை. 1983-ல் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியது. 1989-ல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்கள் ஆரம்பமாயின. 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முயற்சியை எடுத்தது. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தது. நம் திருவள்ளூர் தனி மாவட்டமானதும் 1997-ல்தான். ஆக, நம் மாவட்டமும் மகளிர் திட்டமும் ஏறக்குறைய ஒரே வயசு.

முதலில் நாம் சேமித்தோம், உள்கடன் கொடுத்தோம், கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டோம். ஊறுகாய், அப்பளம், பினாயில் என்று சின்னத் தொழில் செய்தோம். பெரிய அடுப்பு குழுப் பெண்கள் கைக்கு வந்ததை எல்லா ஜனங்களும் பார்த்தது அம்மா உணவகத்தில்தான். 2013 பிப்ரவரி 19-ஆம் தேதி சென்னை சாந்தோமில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா முதல் உணவகத்தைத் திறந்து வைத்தார். இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். அங்கே தோசை கிடையாது. ஆனால் ஆயிரம் பேர் பசிக்குச் சமைக்கிற சமையலறை முழுவதும் சுய உதவிக் குழுப் பெண்கள் கையில் இருந்தது. பக்கத்துக் கேரளாவிலும் 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் உணவகங்கள் நடத்துகிறார்கள். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்திலும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள்தான் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைக்கிறார்கள்.

எங்க கல்லு

எங்க குழு 2017-ல் சிப்காட் போகிற வழியில் ஒரு சின்ன கேன்டீன் போட்டது. காலை ஷிப்டுக்குப் போகிறவர்களும் நைட் ஷிப்டு முடிந்து வருகிறவர்களும் சாப்பிட வருவார்கள். நம்ம ஊர்க்காரர்களுக்குத் தோசை. பீகார், ஒடிசாவிலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்குச் சப்பாத்தி.

வங்கிக் கடனில் கல்லு செய்தோம். மூணு அடி நீளம், ரெண்டு அடி அகலம், பதினாறு மில்லி கனத்தில் இரும்பு பிளேட். நம் பகுதியில் இரும்புக்குப் பஞ்சமா? பழைய இரும்பை உருக்கிக் கம்பி செய்கிற ஆலைகள் கும்மிடிப்பூண்டியில் எத்தனையோ இருக்கின்றன. வெல்டிங் பட்டறையில் அந்த பிளேட்டை வெட்டி, ஓரத்தில் எண்ணெய் வடிய ஒரு காடி வைத்து, ஸ்டாண்டும் பர்னரும் சேர்த்து 14,000 ரூபாய்க்கு முடித்தார்கள். கல்லு மட்டும் 70 கிலோ வரும். நாலு பேர் சேர்ந்துதான் தூக்கி வைத்தோம். எங்கள் குழுவின் முதல் சொத்து அது.

தோசை ஊற்ற மூணு பேர் முறை வைத்துக்கொண்டார்கள். காலை ஆறிலிருந்து பதினொண்ணு வரை, நாளுக்கு 300 ரூபாய். கல்லைச் சுத்தம் செய்வது யார் என்று யாரும் பேசவே இல்லை. கேன்டீனுக்குப் பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தங்க எங்க உறுப்பினர். "உங்க வீடு பக்கத்துலதானே அக்கா, கொஞ்சம் பார்த்துக்குங்க"ன்னு சொல்லிவிட்டு மற்றவர்கள் பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். நானும் அப்படித்தான் போனேன். ரெண்டு வருஷத்துக்கு மேல் தினமும் ஒரு மணி நேரம் அந்த அக்கா கல்லைச் சுரண்டித் துடைத்து எண்ணெய் போட்டாங்க. தீர்மானப் புத்தகத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. கணக்கு நோட்டில் ஒரு ரூபாய் இல்லை.

துருப்பிடித்த கல்லு

2020 மார்ச் 25-லிருந்து நாடு முழுக்க ஊரடங்கு. கம்பெனிகள் மூடின. வடநாட்டுப் பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள். நாங்களும் கேன்டீனைப் பூட்டினோம். பக்கத்து வீட்டு அக்கா ஊத்துக்கோட்டைப் பக்கம் அம்மா வீட்டோடு தங்கிவிட்டாங்க.

செப்டம்பரில் திறந்து பார்த்தபோது நெஞ்சு பகீரென்றது. கருகருவென்று மின்னிய கல்லு செங்கல் நிறத்தில் பொரிந்து கிடந்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக்காற்று நம் ஊரில் ஆணியைக்கூட விடாது. எண்ணெய் இல்லாத இரும்பைச் சும்மா விடுமா?

அவசரத்தில் ஒருவரைக் கூப்பிட்டுக் கிரைண்டிங் மெஷினால் துருவை எடுக்கச் சொன்னோம். கல்லு கண்ணாடி மாதிரி பளபளவென்று ஆனது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் ஊற்றிய தோசை ஒன்றுகூட எழும்பவில்லை. மெஷின் கீறிய கோடுகளில் மாவு போய் ஒட்டிக்கொண்டது. ஒரு பெரிய பாத்திரம் மாவு வீண். வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். அவரைக் குறை சொல்ல முடியாது. துருவை எடுக்கச் சொன்னோம், எடுத்துக் கொடுத்தார். பத்து நாள் வியாபாரம் போச்சு. வங்கித் தவணை மட்டும் நிற்கவில்லை.

கடைசியில் அந்த மாஸ்டர் தாத்தாவைப் போய்க் கூட்டி வந்தோம். கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது கல்லு இல்லம்மா, கண்ணாடி. கல்லு கருப்பா மின்னணும்" என்றார். அந்தக் கருப்பு அழுக்கு இல்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. மெல்லிசாகத் தடவிய எண்ணெய் அதிகச் சூட்டில் இறுகி, இரும்போடு ஒட்டித் தோல் மாதிரி ஆகிவிடும். அந்தத் தோல் இருந்தால் மாவு ஒட்டாது, ஈரமும் இரும்பைத் தொடாது. நாங்கள் மெஷின் போட்டு அந்தத் தோலையும் சேர்த்து உரித்துவிட்டோம்.

புதுக் கல்லைப் பழக்குவது மாதிரி மூணு நாள் பழக்கினோம். முதல் நாள் செங்கல் பொடியும் தேங்காய் நாரும் போட்டு, கீறல் மட்டுப்படும்வரை தேய்த்தோம். பிறகு புளித்தண்ணி. கழுவி, அடுப்பை மூட்டி ஈரம் சுத்தமாகப் போக விட்டோம். நல்லெண்ணெய் மெல்லிசாகத் தடவி, புகை வந்து அடங்கும்வரை சூடு. ஆறவிட்டு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் சூடு. அரை வெங்காயத்தைக் கரண்டியில் குத்தித் தேய்த்துக்கொண்டே இருந்தோம். மூணாவது நாள் சாயங்காலம் ஒரு தோசை தானாக ஓரம் தூக்கியது. எல்லோரும் கை தட்டினோம்.

அந்தக் கூட்டம்

அந்த வாரக் குழுக் கூட்டத்தில் நஷ்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அக்கா ஊர்ல இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது" என்று ஒருத்தி சொன்னாள். பழி அந்த அக்கா பக்கம் திரும்பியது. எப்பவும் வாய் திறக்காத அந்த அக்கா அன்றைக்கு எழுந்து நின்னாங்க.

"கல்லு முன்னாடி நிக்கிறவங்களுக்கு முந்நூறு ரூபா. கல்லைத் தேய்க்கிறவளுக்கு என்ன? நான் இருந்தப்ப என் வேலை யார் கண்ணுக்கும் தெரியல. நான் இல்லாதப்பதான் தெரியுதா?"

யாரும் பதில் பேசவில்லை. எனக்குத் தலை குனிந்துவிட்டது. ஓட்டல்காரர்கள் நம்மைப் பின்கட்டில் வைத்தார்கள் என்று குறை பேசினோமே. நம் குழுவுக்குள்ளேயே ஒருத்தியைப் பின்கட்டில் வைத்திருந்தோம்.

அன்றைக்கு ரெண்டு பேர் குழுவை விட்டே போவதாகச் சொன்னார்கள். ஒன்பது மணிவரை பேசினோம். முடிவில் மூணு தீர்மானம் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். சுத்தம் செய்கிற ஒரு மணி நேரமும் சம்பள நேரம். அது முறை வைத்து எல்லோருக்கும் வரும், தலைவி உட்பட. சுத்தம் செய்கிறவள் தோசை ஊற்றவும் பழக வேண்டும். அந்த அக்காவுக்குப் பழைய பாக்கியாக ஒரு தொகையும் லாபத்திலிருந்து கொடுத்தோம். அவங்க இழந்ததுக்கு அது ஈடாகாது. இன்றைக்கு எங்க கேன்டீனில் மெல்லிசான தோசை யார் ஊற்றுவார்கள் என்று கேட்டால் எல்லோரும் அவங்களைத்தான் காட்டுவார்கள்.

நாங்கள் கடைப்பிடிக்கும் முறை

கேன்டீன் நடத்துகிற, நடத்தப் போகிற சகோதரிகளுக்காக இதை எழுதுகிறேன்.

காலையில் கல்லை மெதுவாகச் சூடாக்குங்கள். தெளித்த தண்ணீர் முத்து முத்தாக ஓடினால் சூடு அதிகம் என்று அர்த்தம். தீயைக் குறைத்து, எண்ணெய் விட்டு, அரை வெங்காயத்தால் தேய்த்த பிறகு முதல் தோசையை ஊற்றுங்கள்.

சப்பாத்தி போட்ட இடத்தில் உதிர்ந்த மாவு உடனே கருகும். அதைத் துடைக்காமல் தோசை ஊற்றினால் கரும்புள்ளி விழும், கசக்கும். முட்டைக்குக் கல்லில் ஒரு ஓரத்தை ஒதுக்கிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கல்லு சூடாக இருக்கும்போதே சுரண்டியால் ஒரே பக்கமாகக் காடியை நோக்கிச் சுரண்ட வேண்டும். பிறகு ஒரு கை தண்ணீர் மட்டும் தெளித்து, கல்லுக்கென்றே வைத்திருக்கிற தென்னந்துடைப்பத்தால் தள்ள வேண்டும். எழும்புகிற ஆவியில் கருகல் இளகி வந்துவிடும். முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள், ஆவி பட்டால் கொப்பளம்தான். காய்ந்த கல்லில் வாளித் தண்ணீரைக் கொட்டவே கூடாது. பிளேட் வளைந்து நடுவில் குழி விழுந்தால் எண்ணெய் அங்கேயே தேங்கும். பிறகு நிமிர்த்த முடியாது.

துடைக்கப் பருத்தித் துணிதான். நைலான் துணி உருகி ஒட்டிக்கொள்ளும். கம்பி நாரின் துண்டு உதிர்ந்து தோசைக்குள் போகும். தினமும் சோப்பும் வேண்டாம். சிலர் காஸ்டிக் சோடா போடச் சொல்வார்கள். கையும் வேகும், கல்லின் தோலும் போகும், வேண்டவே வேண்டாம்.

துடைத்த பிறகு சிலிண்டர் வால்வை மூடுங்கள். கல்லு வெதுவெதுப்பாக இருக்கும்போது ரெண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் போதும், துணியால் மெல்லிசாகத் தடவி மூடி வையுங்கள். அதிகம் ஊற்றினால் பிசுபிசுவென்று ஆகித் தூசியும் பூச்சியும் சேரும். காடியில் வடிகிற எண்ணெய்த் தட்டைத் தினமும் காலி செய்யுங்கள். அதில் தீப்பிடிக்கவும் கூடும்.

வாரம் ஒருமுறை பர்னரைக் கழற்றி, அடைத்த துளைகளை மெல்லிய கம்பியால் குத்திவிட வேண்டும். தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கேஸ் வீணாகிறது, கல்லின் அடியிலும் கரி பிடிக்கும். ரப்பர் டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வந்தால் உடனே மாற்றுங்கள். கேன்டீனுக்கு 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். வீட்டுச் சிலிண்டரைக் கடையில் வைப்பது சட்டப்படி தப்பு.

மிக்ஜாம் வந்தபோது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம் மாவட்டத்தை என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்க கேன்டீனுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. அரிசி போச்சு, மாவு போச்சு, பெஞ்சு மிதந்தது.

கல்லு மட்டும் பிழைத்தது. புயல் அறிவிப்பு வந்த அன்று சுவரில் ஒட்டியிருந்த முறைப் பட்டியலில் யார் பேர் இருந்ததோ அந்தப் பெண் போய், கல்லுக்குக் கெட்டியாக எண்ணெய் பூசி, பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டிவிட்டு வந்திருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. தண்ணீர் வடிந்து தரையைக் கழுவிய மறுநாளே அடுப்பு மூட்டினோம். அன்று முதல் தோசைகளைத் தெருவில் இருந்த குழந்தைகளுக்குக் கொடுத்தோம்.

2020-ல் இருந்ததும் அதே கல்லு, அதே பெண்கள்தான். அப்போது அந்த வேலைக்குப் பேர் இல்லை, சம்பளம் இல்லை, அதனால் பொறுப்பும் யாருக்கும் இல்லை. 2023-ல் மூணும் இருந்தது.

சகோதரிகளே, உங்கள் குழு தையல் செய்யலாம், மாடு வளர்க்கலாம், கேன்டீன் நடத்தலாம். அங்கேயும் எல்லோரும் போன பிறகு யாரோ ஒருத்தி கூட்டிக்கொண்டோ, கழுவிக்கொண்டோ இருப்பாள். அடுத்த கூட்டத்தில் அவள் பேரையும் அந்த வேலைக்கான நேரத்தையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். நாளைக்கு நம் கூட்டமைப்பின் வரலாற்றை யாராவது எழுத உட்கார்ந்தால், அந்தப் புத்தகத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள்.